சீனியும் சர்க்கரையும் ஒன்றா?

தேடுபொறிக்கு ஒத்தசொல் பட்டியல் எழுதி வைப்பது பழைய காலத்துப் பழக்கம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மென்பொருள் கூட்டங்களில் சொல்கிறார்கள். விற்க வருபவர்கள் படம் போட்டுக் காட்டிச் சொல்கிறார்கள். நேற்று வேலையில் சேர்ந்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். வாதம் சுருக்கமானது. சொற்களின் பொருளை இயந்திரமே கற்றுக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றி, பொருளில் அருகருகே இருப்பவற்றை அதுவே கண்டுபிடித்துவிடும். அப்படியிருக்க, இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் சமம் என்று ஆள் வைத்து எழுதிக்கொண்டிருப்பது தண்டச் செலவு. வெக்டர் தேடல் வந்துவிட்டது, பட்டியலை மூடி வையுங்கள்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பிப் பட்டியலை அழிப்பவர்கள், தமிழில் பொருள் விற்பவர்களாகவோ தமிழில் ஆவணம் வைத்திருப்பவர்களாகவோ இருந்தால், தங்கள் வாடிக்கையாளரைத் தாங்களே வாசலில் நிறுத்துகிறார்கள்.

முதலில், பிரச்சினை என்ன என்று பார்ப்போம். 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர், லூயி கோமெஸ், சூசன் டூமே ஆகிய நால்வரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினிக் கட்டளைகள் முதல் சமையல் குறிப்புகள் வரை பலவற்றுக்கும் ஆட்களைப் பெயர் வைக்கச் சொல்லிப் பார்த்ததில், ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. எவ்வளவு யோசித்து நல்ல பெயராக வைத்தாலும் பெரும்பாலானோர் வேறு பெயரில்தான் தேடுவார்கள். எனவே ஒரு பொருளுக்கு மக்கள் வைக்கும் பெயர்களையெல்லாம் கணினி ஏற்றுக்கொள்ளட்டும் என்றார்கள் அவர்கள். ஒத்தசொல் பட்டியலுக்கான நியாயம் அங்கேயே முழுதாக எழுதப்பட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நால்வரில் ஃபர்னாஸ், லாண்டவர், டூமே மூவரும் இன்னும் இருவரோடு சேர்ந்து 1990இல் வேறொரு கட்டுரை எழுதினார்கள். எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்ற பெரிய அட்டவணையைச் சுருக்கி, சொற்களை எண் வரிசைகளாக்கி, அருகாமையைக் கணக்கிடும் முறை அது. இன்றைய வெக்டர் தேடலின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். ஆக, நேற்றுப் பிறந்த புரட்சி என்று நம் முன் வைக்கப்படும் கருத்துக்கு வயது முப்பதுக்கு மேல். அதை உருவாக்கியவர்களே, ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களை இம்முறை நன்றாகக் கையாளும், பல பொருள் தரும் ஒரே சொல்லை ஓரளவுக்குத்தான் கையாளும் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்றைய மாடல்கள் சூழலைப் பார்த்துப் பொருளைப் பிரிக்கின்றன, அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தேடல் பெட்டியில் ஒருவர் தட்டுவது ஒன்றிரண்டு சொல். அதில் சூழல் எங்கே இருக்கிறது?

சீனியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பெயர் சர்க்கரை. ரேஷன் கடையில் சர்க்கரை விருப்ப அட்டைக்குக் கிடைப்பதும் அதுதான். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போனால் அது சீனி; அங்கே வயதானவர் ஒருவர் சர்க்கரை என்று கேட்டால் நாட்டுச் சர்க்கரையை, அதாவது வெல்லத்தின் இனத்தைக் கேட்கிறார். யாழ்ப்பாணத்திலும் சீனி வெள்ளை, சர்க்கரை வெல்லம். தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். பழைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஒடிசாவில், சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர் அது. இவை போதாதென்று, சர்க்கரை என்றால் நோயும்தான்.

இப்போது எண் வரிசைகளை நம்பும் மாடலிடம் இதைக் கொடுங்கள். அது எழுத்துகளைப் படித்துக் கற்றது. சீனி, சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி நான்கும் எழுத்தில் ஒரே கூட்டாளிகளோடுதான் வருகின்றன: காப்பி, பாயசம், ஒரு கரண்டி, அரைக் கிலோ. எனவே நான்கும் பக்கத்தில் பக்கத்தில் போய் உட்காரும். பக்கத்தில் உட்கார்வது வேறு, சமமாக இருப்பது வேறு. வாங்குதலும் விற்றலும் கூட எழுத்தில் பக்கத்துச் சொற்கள்தான். சீனி கேட்டவருக்குக் கருப்பட்டியை முதல் வரிசையில் காட்டினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மறுபுறம், எழுத்தில் அரிதாக வரும் அஸ்காவை மாடல் எங்கே வைத்திருக்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தமிழ்ச் சொற்களை இந்த மாடல்கள் ஆங்கிலத்தைவிடச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன. வட்டார வழக்கு என்பதே பெரும்பாலும் வாயில் இருப்பது, எழுத்தில் இல்லாதது. எழுதப்படாத சொல்லை எழுத்தைப் படித்துக் கற்கும் இயந்திரம் எப்படி அறியும்?

மதுரையில் கிளை வைத்திருக்கும் கடைக்காரருக்கு இது தெரியும். அவருடைய பட்டியலில் 'அஸ்கா => சீனி' என்று ஒரு வரி போதும். 'சீனி, சர்க்கரை' என்று சமமாக இணைக்கும் வரி சென்னைக் கிளையின் பட்டியலில் இருக்கும், மதுரைக் கிளையின் பட்டியலில் இருக்காது. இரண்டு கிளைக்கும் இரண்டு பட்டியல் வைக்க, தேடல் மென்பொருள்களான எலாஸ்டிக்சர்ச்சோ சோலரோ எந்தத் தடையும் சொல்வதில்லை.

அதைவிடக் கடினமான சொல் ஒன்று இருக்கிறது: கடலை. தமிழ்நாட்டில் கடலை என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் நிலக்கடலை, வேர்க்கடலை. விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. விவசாயிகளும் வியாபாரிகளும் மணிலா என்பார்கள். ஈழத்தில் அதற்குக் கச்சான் என்று பெயர். அங்கே கடலை என்றால் நாம் கொண்டைக்கடலை என்பது. சொல் தனியாக நிற்கும்போதே இவ்வளவு. சேர்ந்து வரும்போது பாருங்கள். கடலை எண்ணெய் நிலக்கடலையிலிருந்து வருகிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் நிலக்கடலைதான். ஆனால் கடலை மாவு, கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை மூன்றும் கொண்டைக்கடலை வழி வந்தவை. இந்த வேறுபாட்டை எந்த இலக்கணமும் விளக்காது. சமையலறையில் நின்றவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கனடாவின் ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்தவரும் சென்னைக்காரரும் வாங்கும் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை, இணையத்திலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் கடலை மாவு தேடுகிறார், பஜ்ஜிக்கு. பட்டியலே இல்லாத தேடல், நிலக்கடலைப் பொடியையும் சேர்த்துக் காட்டுகிறது. 'கடலை, நிலக்கடலை' என்று யோசிக்காமல் எழுதிய பட்டியலும் அதையேதான் செய்யும். நிலக்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிரை வாங்கக்கூடியது. அந்தக் கடையில் இது வெறும் வரிசைத் தரக் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது. இதே கடையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் முந்திரிகை தேடினால் அவர் கேட்பது திராட்சை. முந்திரிப்பருப்பைக் காட்டிவிட்டுப் பொருளில் நெருக்கமானதைத் தந்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டால், எழுத்தளவில் அது நெருக்கம்தான்!

இதற்கு மருந்து சில வரிகள். கச்சான், மல்லாட்டை, மணிலா ஆகியவற்றிலிருந்து நிலக்கடலைக்கு ஒருவழி அம்பு. கடலை மாவு என்ற இரட்டைச் சொல்லுக்குத் தனி வரி: வலப்பக்கத்தில் கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் அம்புக்குறி போட்டால் இடப்பக்கச் சொல் தேடலிலிருந்தே போய்விடும். இதை மறந்து, கடையில் அந்தப் பெயரிலேயே இருக்கும் பொருளைக் காணாமல் போகச் செய்தவர்கள் நிறைய. இரட்டைச் சொற்களைச் சரியாகக் கையாள்வது ஒரு காலத்தில் உண்மையிலேயே தலைவலியாக இருந்தது. சோலருக்கும் எலாஸ்டிக்சர்ச்சுக்கும் அடித்தளமான லூசீனில் 2017இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, கேள்வி கேட்கும் நேரத்தில் ஒத்தசொல்லைச் சேர்த்தால் அது ஒழுங்காக நடக்கிறது. பட்டியலைக் குறைகூறுபவர்கள் பலர் இன்னும் அதற்கு முந்தைய அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

நெல்லுக்கு வருவோம். விதை வாங்குபவர் ஆடுதுறை 43 என்று தேடுகிறார். ஏடிடி 43 என்று எழுதி வைத்திருந்தாலும் அதுதான் வர வேண்டும். ஆடுதுறை 45 வரக்கூடாது. பொருள் நெருக்கம் பார்க்கும் மாடலுக்கு 43க்கும் 45க்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை, இரண்டும் நெல் ரகம், இரண்டும் ஒரே ஆராய்ச்சி நிலையம். பிபிடி 5204 என்ற எண்ணும் ஆந்திரா பொன்னி என்ற பெயரும் ஒரே நெல் என்பது அரிசி மண்டியில் சிறு பையனுக்கும் தெரியும். அந்த அறிவை ஒரு வரியில் எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் அது தப்பாது. மாடலிடம் விட்டால் எழுபது விழுக்காடு பொருத்தம், எண்பது விழுக்காடு பொருத்தம் என்று ஏதோ ஓர் எண் வரும். விதைக்கு எண்பது விழுக்காடு என்று ஒன்று கிடையாது.

எழுத்தையே பாருங்கள். ஔவையார் என்பதை நம்மில் பாதிப்பேர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுத் தட்டுகிறோம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கணினிக்கு இரண்டும் முழுக்க வேறு. கொம்பும் காலும் தனித்தனியாக வரும் 'கொ' போன்றவற்றை யூனிகோடின் சீர்படுத்தும் முறை ஒன்றாக்கிவிடும். 'ஒள'வை அது தொடாது, ஏனென்றால் 'ள' அங்கே உண்மையான ளகரம். இதைத் திருத்த எந்தப் பொருளறிவும் வேண்டாம், ஒரு வரி வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா இத்தகைய மாற்றெழுத்துகளையும் மாற்றுப் பெயர்களையும் வழிமாற்றுப் பக்கங்களால் சமாளிக்கிறது. அவற்றில் பலவற்றை யாரோ ஒரு தன்னார்வலர் கையால் உருவாக்கியிருக்கிறார். அதுவும் ஒத்தசொல் பட்டியல்தான், ஆயிரம் கைகள் எழுதியது.

இவ்வளவு சொன்ன பிறகு, பட்டியலுக்குக் கெட்ட பெயர் வந்ததன் நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் பட்டியலின் எதிரிகள் அல்லர், அதன் அளவுகடந்த ரசிகர்கள். தேடல் சரியில்லை என்று மேலிடம் சத்தம் போட்டால், ஓர் அகராதியை எடுத்து அப்படியே கொட்டுவார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் பத்தாயிரம் வரி எழுதித் தருகிறது. கொட்டியதும் என்ன நடக்கும் என்பது 1994லேயே தெரிந்துவிட்டது. எலன் வூர்ஹீஸ் என்ற ஆய்வாளர், பிரின்ஸ்டனில் உருவான வேர்ட்நெட் என்ற சொல்வலையைக் கொண்டு கேள்விகளை விரித்துப் பார்த்தார். விரிவாக எழுதப்பட்ட கேள்விகளில் பலன் இல்லை. குறுகிய கேள்விகளில், சரியான பொருளை மனிதர் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நல்ல பலன்; தேர்வை இயந்திரத்திடம் விட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அகராதியில் ஒத்திருப்பது தேடலில் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை.

நம் நிகண்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. திவாகரம் என்ற பழைய நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். முதல் பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாக ஒத்த பெயர்களை அடுக்குகின்றன. பதினோராவது தொகுதி, ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒத்தசொல்லைத் தொகுக்கப் போனால் கூடவே இந்தத் தொகுதியையும் எழுதியாக வேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அகராதியைக் கொட்டுபவர்கள் முதல் பத்தை எடுத்துக்கொண்டு பதினொன்றை விட்டுவிடுகிறார்கள். பிறகு தேடல் குப்பையாகிவிட்டது என்று பட்டியலின் மேல் பழி போடுகிறார்கள்.

இன்னொரு பழி: பட்டியல் வேலை செய்யவே இல்லை. பல இடங்களில் உண்மை, காரணம் வேறு. தமிழ்ச் சொல் உருமாறும். புத்தகம், புத்தகத்தை, புத்தகத்துக்கு என்று வரும்போது அடிச்சொல்லைப் பிரிக்கும் வேலை முதலில் நடந்து, பட்டியல் மட்டும் பிரிக்கப்படாத சொல்லோடு இருந்தால், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பட்டியல் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இனி உழைப்புக் கணக்கு. மொழியில் லட்சம் சொற்கள் இருக்கின்றன, அத்தனைக்கும் பட்டியல் எழுத முடியுமா என்று கேட்கிறார்கள். லட்சம் சொற்களுக்கு யார் எழுதச் சொன்னது? எந்தக் கடையின் தேடல் பதிவேட்டை எடுத்தாலும் சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றில் விடையே கிடைக்காதவை, விடை கிடைத்தும் யாரும் தொடாதவை என்று பிரித்தால் மிஞ்சுவது ஒரு கைக்குள் அடங்கும். வாரத்துக்கு ஒரு பிற்பகல் ஒருவர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அவர் கணிப்பொறி அறிஞராக இருக்க வேண்டியதில்லை. கல்லாவில் நின்று பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது.

கூகுள் பட்டியல் வைத்தா நடத்துகிறது என்பது அடுத்த கேள்வி. கூகுளின் தேடல்களில் 70 விழுக்காட்டில் ஒத்தசொற்கள் பங்கு வகிக்கின்றன என்று 2010இல் அந்த நிறுவனமே சொன்னது. அவற்றை அது கையால் எழுதவில்லை என்பது சரிதான். கோடிக்கணக்கானோர் என்ன தட்டினார்கள், விடை பிடிக்காமல் அடுத்து என்ன தட்டினார்கள் என்ற பதிவு அதன் கையில் இருக்கிறது. மாதம் நாலாயிரம் தேடல் வரும் கடைக்கு அந்தப் பதிவு கிடையாது. யானை நடக்கும் வழியைப் பார்த்து ஆடு தன் வழியைத் தீர்மானிப்பதில் பொருளில்லை.

உலகத்தின் மிகப் பெரிய மருத்துவத் தேடல்களில் ஒன்றான பப்மெட்டைப் பாருங்கள். அதை நடத்தும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இலிருந்து ஒரு சொற்களஞ்சியத்தைப் பராமரித்து வருகிறது. மாரடைப்பு என்பதற்கான பேச்சுவழக்கு ஆங்கிலச் சொல்லைத் தட்டினாலும், மருத்துவர்கள் எழுதும் கலைச்சொல்லில் உள்ள கட்டுரைகள் வந்து நிற்பது அந்தக் களஞ்சியத்தால். 2022இல் கட்டுரைகளுக்குக் குறிச்சொல் இடும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். களஞ்சியத்தை ஒப்படைக்கவில்லை. எந்தச் சொல் எதற்குச் சமம் என்பதை இன்றும் ஆட்கள் உட்கார்ந்து ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். பணமில்லாமலோ அறிவில்லாமலோ அல்ல. தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

என் வாதத்தின் மையம் இதுதான். பட்டியலில் ஒரு வரி தவறென்றால் அந்த வரியைப் படிக்கலாம், யார் எழுதினார் என்று கேட்கலாம், அடுத்த நிமிடம் திருத்தலாம். கேள்வி நேரத்தில் பட்டியல் இயங்கினால் மொத்தச் சரக்கையும் மறுபடி அட்டவணைப்படுத்தக்கூட வேண்டியதில்லை. மாடல் முந்திரிகையைத் தவறாகப் புரிந்துகொண்டால் யாரிடம் போவீர்கள்? பல நூறு எண்களில் எந்த எண் யாழ்ப்பாணத்தை மறந்தது என்று யாரால் சொல்ல முடியும்? மறுபடி பயிற்சி கொடுக்கலாம் என்பார்கள். பயிற்சிக்கு என்ன வேண்டும் தெரியுமா? இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் சரி, அந்தப் பொருள் தவறு என்று மனிதர் எழுதிய இணைகள். பட்டியலைப் பழசு என்று ஒழித்தவர்கள், பின்வாசல் வழியாக அதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வெக்டர் தேடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் இரவில் என்ன கொடுக்கலாம் என்று ஒருவர் முழு வாக்கியமாகக் கேட்டால், எந்தப் பட்டியலும் உதவாது. அங்கே மாடல்தான் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதே இன்று தெரிந்தவர்கள் செய்வது. 2021இல் வெளிவந்த பியர் (BEIR) என்ற ஆங்கிலத் தேடல் சோதனைத் தொகுப்பு, 18 தரவுத்தொகுப்புகளில் பல முறைகளை ஒப்பிட்டது. பழைய சொல்வழித் தேடலான பிஎம்25, அன்றைய வெக்டர் மாடல்கள் பலவற்றை அவை பழகாத துறைகளில் பின்தள்ளியது. மாடல்கள் அதன் பிறகு வளர்ந்திருக்கின்றன. ஆனாலும் பழகாத துறை என்றால் என்ன? மளிகைத் தமிழ், மண்டித் தமிழ், மட்டக்களப்புத் தமிழ் எல்லாம் அவற்றுக்கு இன்னும் பழகாத துறைதான்.

ஆகவே, பட்டியலை நீக்கும் தீர்மானம் உங்கள் மேசைக்கு வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். புதிய தேடலில் இந்த ஆறையும் தட்டச் சொல்லுங்கள்: அஸ்கா, கச்சான், கடலை மாவு, முந்திரிகை, ஆடுதுறை 43, 'ஒ', 'ள' போட்டு எழுதிய ஔவையார். உங்கள் கடையில் இந்தச் சரக்கு இல்லையென்றால், உங்கள் வாடிக்கையாளர் வாயில் வரும் ஆறு சொற்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். விற்க வந்தவரை உங்கள் எதிரில், தயாரித்த படம் ஏதுமில்லாமல் தட்டச் சொல்லுங்கள். ஆறும் சரியாக வந்தால் பட்டியலைத் தாராளமாக அழித்துவிடுங்கள், நானே வந்து அழித்துத் தருகிறேன். ஒன்று தவறினாலும், அந்த ஒன்றுக்கான வரியை எழுத ஓர் ஆளை நியமியுங்கள்.